பக்கத்து சீட்

அந்த டிரைவிங் ஸ்கூலில் இரண்டு கார்கள் இருந்தன. ஒரு மேஜை இருந்தது. மேஜைக்குப் பின்னால் மாஸ்டரின் அக்கா இருந்தாள். மாஸ்டரும் அங்கேயேதான் இருந்தார். பிரச்சினையே அதுதான். அவர் காரில் இருக்க வேண்டியவர்.

பதினாறு வருஷம் காரிலேயே குடியிருந்த மனிதர். காலை ஆறரைக்கு ஏறினால், ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் தனியாகப் பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவராகப் பதினோரு மணி வரைக்கும் இறங்காமல் உட்கார்ந்திருப்பார். ஸ்டியரிங்கைத் தொட்டதும் கை ஜில்லிட்டுப் போகிறவர்கள், கியர் போடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், எதிரே லாரி வந்தால் இரண்டு கையையும் எடுத்துவிடுகிறவர்கள், எல்லாரையும் மூன்று நான்கு வாரத்தில் சாலைக்கு அனுப்பிவிடுவார். சத்தம் போட மாட்டார். "ம்... வரட்டும்... வரட்டும்... போதும்." இவ்வளவுதான் அவருடைய மொத்தப் பாடம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பேங்க் மேனேஜர் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார். ஒழுங்கான மனிதர். ஐந்தாவது வகுப்பில் ஒரு சிக்னலைத் தாண்டியதும் மாஸ்டர் "பிரேக்" என்றார். மேனேஜர் உடனே கீழ்ப்படிந்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் நடைபாதை மேல் ஏறி, ஒரு சோபாக் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், மூன்று பேர் உட்காரும் சாம்பல் நிற சோபா ஒன்றின் மேல் மூக்கை வைத்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேனேஜர் இறங்குவதற்கு முன்னால் மறக்காமல் இண்டிகேட்டரை அணைத்தார். இன்சூரன்ஸ்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கடையில் புதுக் கண்ணாடி போட்டார்கள்.

மாஸ்டர் இந்தக் கதையைக் கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் சொன்னார். "சோபா பார்க்கப் போனோம், இறங்கி நடப்பானேன்னு கார்லயே உள்ள போயிட்டோம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஒன்றை மட்டும் அவர் சொல்வதில்லை. சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதே சோபாவைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது. அவள் துணியை உதறிக்கொண்டு உள்பக்கம் போனாள். அதற்கப்புறம்தான் பிரேக், ஆக்சிலேட்டர், கண்ணாடி எல்லாம். பதினாறு வருஷமாகத் தானாக அமுங்கிய மாஸ்டரின் கால், அன்றைக்கு அரை விநாடி தாமதமாக அமுங்கியது.

மறுநாள் காலை காரின் கதவைத் திறந்தவருக்கு ஆபீசில் ஒரு சின்ன வேலை பாக்கியிருப்பது ஞாபகம் வந்தது. கதவை மூடினார். அந்தச் சின்ன வேலை எட்டு மாதமாகியும் முடியவில்லை.

முதலில் பெயர்ப் பலகையை மாற்றினார். புதுப் பலகையில் எழுத்து பெரிதாக இருந்ததால் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே படிக்க முடிந்தது. கிட்டே வந்தால்தான் படிக்க முடியவில்லை. அதனால் அதையும் மாற்றினார். பிறகு காத்திருப்பவர்களுக்கு நாற்காலி வாங்கினார். நாற்காலியில் உட்காருகிறவர்கள் பார்ப்பதற்குச் சுவரில் சாலைக் குறியீடுகளின் படம் மாட்டினார். படம் கோணலாக இருப்பதாக ஒருநாள் முழுக்க நினைத்து, மறுநாள் முழுக்க நிமிர்த்தினார். பயிற்சி முடித்தவர்களுக்குத் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் அச்சடித்தார். சேருகிறவர்களுக்குக் கொடுக்க ஸ்கூல் பெயர் பொறித்த சாவி வளையம். யாருக்கு எந்த நேரம் வகுப்பு என்று மூன்று நிறத்தில் ஓர் அட்டவணை. நீலம் யாருக்கு, பச்சை யாருக்கு என்பதை விளக்க அதன் கீழே இன்னொரு அட்டவணை. அவருடைய கார் சும்மா நின்றதால் வெயிலில் நிறம் போய்விடக் கூடாது என்று அதற்கு நல்ல தரத்தில் ஓர் உறை வாங்கிப் போர்த்தினார்.

"தலைக்கு மேல வேலை" என்பார் வீட்டில். அது பொய்யும் இல்லை. சாயங்காலம் நிஜமாகவே களைத்துப்போய்த்தான் வருவார்.

கற்றுக்கொடுக்கும் வேலை மீசையின் தலையில் விழுந்தது. மீசை என்பது அங்கிருந்த இன்னொரு பயிற்சியாளர். முன்பு லாரி ஓட்டியவர். அவர் ஓட்டினால் காரில் வைத்த தண்ணீர் தளும்பாது. ஆனால் மற்றவர்கள் மோசமாக ஓட்டுவதைப் பார்க்க அவரால் முடியாது; டிரைவிங் ஸ்கூலில் வேறு எதைப் பார்ப்பது? ஆரம்பத்தில் கத்தினார். புகார் வந்தது. கத்தக் கூடாது என்று அக்கா சொன்னதும் கத்துவதை நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட ஆரம்பித்தார். கத்தினதே தேவலாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேர் நின்றுகொண்டார்கள்.

லைசென்ஸ் டெஸ்டில் முன்பெல்லாம் பத்துப் பேர் போனால் எட்டுப் பேர் தேறுவார்கள். இப்போது பத்துப் பேர் போவதே அபூர்வமாகிவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் எல்லாருமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டருக்கும் கவலை வந்தது. அவர் அதை முறையாக அணுகினார். சிறு தொழில் நடத்துகிறவர்களுக்காக ஓர் ஓட்டலின் மாடியில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போனார். கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தபடி பேசினார். தொழிலுக்காகச் செய்கிற எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எது நின்றால் தொழில் நிற்குமோ அதை மேலே போடுங்கள். உங்கள் நேரத்தை அதற்குக் கொடுங்கள். மற்றதை முடிந்தால் விட்டுவிடுங்கள். இவ்வளவையும் அவர் ஐந்தரை மணி நேரத்தில் சொன்னார். மாஸ்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் வேலை ஜரூராக ஆரம்பித்தது. காகிதம் போதாது என்று சுவரளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை வாங்கினார். மூன்று நாள் உட்கார்ந்து தான் செய்கிற வேலைகளை எழுதினார். நாற்பத்தொன்று வந்தது. அடுத்த நான்கு நாள் அவற்றை மேலும் கீழுமாக மாற்றி வரிசைப்படுத்தினார். சான்றிதழ் வடிவமைப்பு ஏழாவது இடத்தில் இருக்க வேண்டுமா, ஒன்பதாவது இடத்திலா என்று ஒரு மதியம் முழுக்க மூளையைப் போட்டுக் குழப்பிக்கொண்டார். வரிசைப்படுத்துவதே ஒரு வேலைதானே என்று தோன்றியதும் நாற்பத்திரண்டாவதாக அதையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு கீழேயிருந்து மேலே ஒருமுறை படித்தாள்.

"நல்லா இருக்குடா தம்பி. கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

"கையெழுத்தை விடுக்கா. வரிசை எப்படி?"

"வரிசையெல்லாம் சரிதான். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதே. இதுல கார் ஓட்டச் சொல்லித் தர்றது எங்க இருக்கு?"

மாஸ்டர் பலகையைப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். மூலையில் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததையும் பார்த்தார். அது தண்ணீர் கேன்.

"அது மீசையோட வேலைக்கா" என்றார். "இது என்னோட வேலைங்க மட்டும்."

"ஓகோ" என்றாள் அக்கா. "அப்ப இது மீசை டிரைவிங் ஸ்கூல். பலகையை மூணாவது தடவை மாத்திடு."

சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய், இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். போன் வந்தால் அதில் குறித்துவைப்பது அவள் வழக்கம். இந்த மாதம் விசாரித்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவரும் என்ன கேட்டார்கள் என்று எதிரே எழுதியிருந்தாள். மாஸ்டர் படித்தார். 'மாஸ்டர் சொல்லித் தருவாரா?' அதன் கீழே, 'மாஸ்டர்தானே வருவார்?' அதன் கீழே, 'வரட்டும் வரட்டும்னு சொல்வாரே, அவர் இருக்காரா?' பக்கம் முழுவதும் இப்படியே இருந்தது. ஒரே ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டிருந்தார். அவர் தவறான நம்பரைப் போட்டவர்.

"நீ என்ன சொன்னே?"

"மாஸ்டர் கொஞ்சம் பிஸியா இருக்கார், வேற ஒருத்தர் நல்லா சொல்லித் தருவார்னேன். சரிங்க, யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சுட்டாங்க. எல்லாரும் இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்காங்க போல."

மாஸ்டர் நோட்டை மூடி அக்காவிடம் கொடுத்தார். அதற்குள் வாசலில் மீசை வந்து நின்றார். கையில் ஒரு மருந்துச் சீட்டு இருந்தது.

"மாஸ்டர், எனக்குப் பிரஷர் வந்திருக்கு. டாக்டர் கோபப்படக் கூடாதுன்னார். நான் கோபமே படறதில்லீங்க, பெருமூச்சுதான் விடறேன்னேன். அதுதான் ஆகாதுங்கறார். பத்து நாள் லீவு வேணும்."

"பத்து நாளா?"

"வண்டியில ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க. ஏழு மணி கிளாஸ். நான் சாவியை வெச்சுட்டுப் போறேன்."

வைத்துவிட்டுப் போயேவிட்டார்.

வண்டியில் உட்கார்ந்திருந்தது பல் டாக்டர். நாற்பது வயசு இருக்கும். மூன்று தெரு தள்ளி அவருக்குச் சொந்தமாக ஒரு கிளினிக் இருந்தது. நாலு மாதமாக வருகிறார். டெஸ்டில் நாலு தடவை தோற்றிருக்கிறார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "டாக்டர், இன்னிக்கு மீசைக்கு உடம்பு சரியில்ல. வகுப்பை அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?" என்றார்.

"வேண்டாம். நீங்க ஏறுங்க."

"எனக்கு ஆபீஸ்ல கொஞ்சம் வேலை..."

"மாஸ்டர், என் தங்கச்சி உங்ககிட்டதான் கத்துக்கிட்டா. மூணே வாரம். அவ சொல்லித்தான் நான் இங்க சேர்ந்தேன். இந்த நாலு மாசத்துல உங்க கையால நான் வாங்கினது ஒரு சாவி வளையம். மாட்டறதுக்கு என்கிட்ட சாவி இல்ல. நான் இறங்க மாட்டேன்."

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மாஸ்டர் திரும்பி ஆபீசைப் பார்த்தார். வாசலில் நின்ற அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேறு வழியில்லை. மாஸ்டர் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினார்.

குடோன்களுக்குப் பின்னால், காலை நேரத்தில் யாரும் வராத ஒரு நீளமான தெரு உண்டு. அங்கே போனார்கள். போனார்கள் என்பதைவிட, போவதும் நிற்பதுமாக இருந்தார்கள் என்பதே சரி. பல் டாக்டர் மெதுவாகத்தான் கிளம்பினார். கார் பத்தடி நகர்வதற்குள் மாஸ்டரின் கால் பிரேக்கை அமுக்கியது. வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அமுக்கினார். தெருவில் ஒரு மனுஷன் இல்லை, மாடில்லை, ஒரு காகிதம்கூடப் பறக்கவில்லை. ஏழாவது தடவை அணைந்தபோது பல் டாக்டர் சாவியைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஏதாவது தப்புப் பண்றேனா?"

"இல்லையே. நல்லாத்தான் பண்றீங்க."

"அப்ப நீங்க பயப்படறீங்களா?"

"நானா? சேச்சே."

"உங்க கையைப் பாருங்க."

பார்த்தார். ஒரு கை கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்திருந்தது. மற்றொரு கை சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"என் நாற்காலியில உட்கார்றவங்க எல்லாம் இப்படித்தான் பிடிச்சுக்குவாங்க" என்றார் பல் டாக்டர். "பயமான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. ஏசி ஜாஸ்தியா இருக்குன்னுவாங்க."

மாஸ்டர் பிடியை விட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏசி கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கு" என்றார்.

"ஏசியே போடலை மாஸ்டர்."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எட்டு மாதமாக மனைவியிடம் சொல்லாததை, அக்காவிடம் சொல்லாததை, குடோன் தெருவில் நின்ற காரில் உட்கார்ந்து, முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். சோபாவைச் சொன்னார். தூசி தட்டிய பெண்ணைச் சொன்னார். அவள் இன்னும் அரை நிமிஷம் அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. "கால் லேட்டாயிடுச்சு டாக்டர். அந்தக் காலை நம்பித்தான் எல்லாரும் ஓட்டறாங்க. அது லேட்டாகும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது" என்றார்.

பல் டாக்டர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவர் தொழிலில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

"நான் ஊசி போடறதுக்கு முன்னாடி, இப்ப ஊசி போடப் போறேன்னு சொல்லிடுவேன்" என்றார். "சொல்லாம போட்டா அந்த ஆள் துள்ளுவார். நீங்க சொல்லாம பிரேக் போடறீங்க, நான் துள்றேன். ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிட்டுப் போடுங்க. எத்தனை தடவை வேணா போடுங்க."

"சொல்லிட்டா?"

"சத்தமா."

அப்படியே செய்தார். முதல்நாள் "இப்ப பிரேக் போடப் போறேன்" என்று அறுபது தடவைக்கு மேல் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சில சமயம் பிரேக் தேவைப்படாமல் போயிற்று. அப்படிப் போகும்போது, சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே என்று லேசாக ஒருமுறை அமுக்கிவைத்தார். இரண்டாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் குடோன் தெருவை விட்டுப் பெரிய சாலைக்கு வந்தார்கள். ஒரு பஸ் ஒட்டி உரசினாற்போல் போனது. பல் டாக்டர் "மாஸ்டர், சொல்லுங்க, சொல்லுங்க!" என்றார். மாஸ்டர் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது. கார் சிறிது தூரம் போயிற்று. அப்போதுதான் மாஸ்டருக்குத் தோன்றியது: பிரேக்கே போடவில்லை. போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது காலுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அந்தப் பத்து நாளும் ஆபீசில் நாற்பத்திரண்டு வேலைகளும் அப்படியே கிடந்தன. பத்தாம் நாள் மாஸ்டர் பயந்துகொண்டே அக்காவிடம் என்னென்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டார். அக்கா விரல் விட்டு எண்ணினாள். தண்ணீர் கேன் தீர்ந்தது. அவளே போன் பண்ணி வரவழைத்தாள். ஒரு காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதை எப்போதும் அவள்தான் செய்கிறாள். டெஸ்டுக்குத் தேதி வாங்க வேண்டியிருந்தது, அதுவும் அவள்தான்.

"மத்த முப்பத்தொன்பது?"

"மத்ததைப் பத்தி யாரும் வந்து கேட்கலையேப்பா."

மாஸ்டருக்கு இதைக் கேட்டு நிம்மதியும் வந்தது, கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது. சான்றிதழைப் பற்றியாவது யாராவது விசாரித்திருக்கலாம்.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் பல் டாக்டர் வழக்கமான பாதையை விட்டு வண்டியைத் திருப்பினார். மாஸ்டருக்கு எந்தத் தெரு என்பது திருப்பியதுமே தெரிந்துவிட்டது.

"டாக்டர், இந்தப் பக்கம் வேண்டாமே."

"டெஸ்ட் ரூட்ல இது இருக்கு. நாலு தடவை வந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சிக்னலில் சிவப்பு. நின்றார்கள். எதிரே அந்தக் கடை. புதுக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. பச்சை விழுந்தது. பல் டாக்டர் கிளப்பினார். ஒன்றாவது கியர் போடுவதற்குப் பதிலாக மூன்றாவதைப் போட்டார். கார் கொஞ்ச தூரம் இழுத்துப் பறித்துக்கொண்டு போய், சரியாகக் கடை வாசலில் அணைந்தது. மறுபடி சாவியைத் திருப்பினார். வரவில்லை. மறுபடி. வரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

கடைக்குள்ளிருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தாள். கையில் தூசி தட்டும் துணி. நேராக மாஸ்டரின் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள்.

"சார், வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. கடை வாசலை மறைக்குது. வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?"

மாஸ்டர் அவளையே பார்த்தார். முப்பது வயசு இருக்கும். நெற்றியில் வியர்வை. நன்றாக, ஆரோக்கியமாக, கோபமாக இருந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார்.

"எதுக்கு?"

"இல்ல... நீங்க நல்லா இருக்கீங்க."

அவள் ஒருமாதிரியாகப் பார்த்தாள். பல் டாக்டரைப் பார்த்தாள். காரின் தலையில் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைப் பார்த்தாள். "அந்த டிரைவிங் ஸ்கூல்தானே இது? போன தடவை உள்ளேயே வந்தீங்க. இந்தத் தடவை வெளியவே நின்னுட்டீங்க. பரவாயில்ல, தேறிட்டு வர்றீங்க. கிளம்புங்க சார்" என்று சொல்லிவிட்டு, துணியால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு, பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவசரமே இல்லாத குரலில் சொன்னார்: "கிளட்சை முழுசா மிதிங்க. ஒண்ணு போடுங்க. ம்... வரட்டும்... வரட்டும்..."

வந்தது.

ஐந்தாவது டெஸ்டில் பல் டாக்டர் தேறிவிட்டார். ஆனால் பழக்க தோஷம், ஒவ்வொரு தடவையும் "இப்ப பிரேக் போடப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்ட் அதிகாரி முதல் இரண்டு தடவை திடுக்கிட்டார். பிறகு பழகிக்கொண்டார். இறங்கும்போது, இருபது வருஷத்தில் இவ்வளவு தகவல் கொடுத்து யாரும் ஓட்டியதில்லை என்றார்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்றால், பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யோசித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேருக்கும் போன் பண்ணினாள். ஒன்பது பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் கார் வாங்கும் யோசனையையே விட்டுவிட்டார்கள். பதினோரு பேர் வந்தார்கள். மாஸ்டர் தன் காரின் உறையைக் கழற்றினார். மறுபடி காலை ஆறரைக்கு ஏறி, பதினோரு மணிக்கு இறங்குகிறார்; சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஆபீசில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அக்கா பார்த்துக்கொள்கிறாள். வேண்டாம் என்பதுதான் அதிகம். லீவு முடிந்து திரும்பிய மீசைக்கு, ஏற்கெனவே ஓட்டத் தெரிந்து மலைச்சாலையும் சந்துகளில் பார்க்கிங்கும் மட்டும் பழக வேண்டியவர்களைக் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக ஓட்டினார்கள். மீசைக்குப் பெருமூச்சு விட வாய்ப்பே கிடைக்கவில்லை. பிரஷர் இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

மாஸ்டருக்குப் பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் சில நாள் காலையில் கதவில் கை வைத்ததும், ஆபீசில் ஏதோ தலைபோகிற வேலை இருப்பதாக ஞாபகம் வரும். அதைப் பதினோரு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிடுவார். பதினோரு மணிக்கு அது என்ன வேலை என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை.

போன திங்கட்கிழமை ஏழரை மணி வகுப்புக்கு ஒரு புதுப் பெயர் இருந்தது. கையெழுத்து புரியவில்லை. தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் இறங்கியிருந்த மாஸ்டர் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, காலைப் பிரேக்கின் மேல் வைத்து, ஓட்டும் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்; அதன் நீல நிறக் கோட்டோடு வந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"கத்துக்க வந்திருக்கேன். அண்ணிகிட்ட பேர் கொடுத்துட்டேன்."

"வீட்டிலேயே கேட்டிருக்கலாமே?"

"வீட்ல பன்னெண்டு வருஷமாக் கேட்டேன். அடுத்த வாரம்னீங்க." கண்ணாடியைச் சரிசெய்தாள். "எட்டரைக்குக் கடை திறக்கணும். சொல்லுங்க, முதல்ல என்ன பண்ணணும்?"

மாஸ்டர் ஆபீஸ் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார்.

"முதல்ல செருப்பைக் கழட்டு" என்றார். "ஹீல்ஸ் ஆகாது."